நோயாளியின் அறையில் மணி பிளாண்ட்: எங்கு வைப்பது, யார் பராமரிப்பது?

நோயாளி வீடு திரும்பும் நாளில், மருந்துச் சீட்டையும் மறுபரிசோதனைக்கு வர வேண்டிய தேதியையும் விளக்கி முடித்த பின்னர், உடனிருக்கும் குடும்பத்தினரிடம் நாங்கள் தவறாமல் கேட்பது ஒன்றுண்டு: "வேறு ஏதேனும் ஐயம் இருக்கிறதா?" உணவு, குளியல், மாடிப்படி ஏறுதல் எனப் பல கேள்விகள் அப்போது எழும். அவற்றினிடையே சற்றே தயக்கத்துடன் வரும் கேள்வி ஒன்றும் உண்டு: "அப்பா படுத்திருக்கும் அறையில் மணி பிளாண்ட் வைத்திருக்கிறோம். அதை எடுத்துவிட வேண்டுமா?"

தயங்க வேண்டிய கேள்வியே அல்ல அது. நங்கநல்லூரில் தனி வீடுகள் இருந்த இடங்களில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. தென்னையும் மாவும் நின்ற கொல்லைப்புறங்கள் குறைந்துவிட்டன. பல வீடுகளில் படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் கண்ணெதிரே நிற்பது அடுத்த கட்டடத்தின் சுவர்தான். அந்நிலையில், மஞ்சளும் வெண்மையும் தெளித்த இலைகளுடன் அலமாரியிலிருந்து தொங்கும் ஒரு கொடிதான் நாள் முழுதும் படுத்திருப்பவர் காணும் ஒரே பசுமையாக இருக்கலாம். அதை எடுத்துவிடுமாறு காரணமின்றிச் சொல்ல எங்களுக்கு மனம் வருவதில்லை. காரணம் இருக்கும்போது சொல்லாமல் இருக்கவும் கூடாது. ஆகவே அக்கேள்விக்குரிய விடையை இங்கே விரிவாகத் தருகிறோம்.

யாருடைய அறையில் செடி கூடாது?

தொட்டி மண்ணில் பூஞ்சைகள் வாழ்வது இயற்கை. அவற்றுள் ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் வகையின் நுண்வித்துகள் காற்றில் மிதந்து நம் மூச்சோடு உட்செல்லக்கூடியவை. நல்ல எதிர்ப்பாற்றல் உள்ளவரின் நுரையீரல் அவற்றை எளிதில் அழித்துவிடும். எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவருக்கோ அவையே கடுமையான நுரையீரல் தொற்றாக மாறக்கூடும். பூச்சாடியிலும் பாட்டிலிலும் தேங்கிய நீரில் சூடோமோனாஸ் போன்ற நுண்ணுயிரிகள் பெருகுவதும் உண்டு. எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்த நோயாளிகள் இருக்கும் பகுதிகளில் மலர்களையும் தொட்டிச் செடிகளையும் அனுமதிக்கக் கூடாது என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2003-ஆம் ஆண்டு வெளியிட்ட மருத்துவமனை வழிகாட்டுதலில் கூறியிருப்பது இக்காரணங்களால்தான்.

எனவே, எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள், கீமோதெரபி காரணமாக வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருப்பவர்கள், அண்மையில் உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், ஸ்டீராய்டு போன்ற எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகளை அதிக அளவில் உட்கொள்பவர்கள் ஆகியோரின் அறையில், மண்ணில் வளர்வதாயினும் நீரில் வளர்வதாயினும், செடி வேண்டாம். இத்தடை எத்தனை நாளுக்கு என்பது ஒவ்வொருவரின் நிலையைப் பொறுத்தது. சிகிச்சை அளிக்கும் மருத்துவரைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

ஆயினும் செடியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மூடிய கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே, பால்கனியில், படுக்கையிலிருந்து பார்த்தால் தெரியும்படி வைக்கலாம். காண்பவர் ஒருவராகவும் தொடுபவர் வேறொருவராகவும் இருந்தால் போதும். செடியைத் தொட்டவர் சோப்பிட்டுக் கை கழுவிய பிறகே நோயாளியின் அருகில் வர வேண்டும். மண்ணைக் கிளறுவது, தொட்டி மாற்றுவது, உலர்ந்த இலைகளைப் பெருக்குவது ஆகியவற்றை நோயாளி இருக்கும் அறையில் ஒருபோதும் செய்யலாகாது. நுண்வித்துகள் மிகுதியாகக் கிளம்புவது அவ்வேளைகளில்தான்.

எலும்பு முறிவு, முழங்கால் மூட்டு மாற்று அறுவை, பக்கவாதம், இதய நோய் போன்றவற்றிலிருந்து தேறிவரும் பெரும்பாலானோருக்கு இத்தகைய தடை ஏதுமில்லை. ஆறாத புண் உள்ளவர்களும் நீரிழிவு நோயாளிகளும் மண்ணைத் தொடும்போது கையுறை அணிவது நலம். ஆஸ்துமா உள்ளவர் அறையில், தொட்டி மண்ணின் மேற்பரப்பில் வெண்பூஞ்சை படர்ந்திருந்தால் அத்தொட்டியை உடனே வெளியேற்றிவிட வேண்டும்.

இலையில் மஞ்சள் ஏன்?

பராமரிப்பைச் சொல்வதற்கு முன் செடியின் இயல்பை அறிந்துகொள்வோம். தாவரவியலார் எபிப்ரெம்னம் ஆரியம் என்றழைக்கும் இக்கொடியின் தாயகம், பசிபிக் பெருங்கடலில் பிரெஞ்சு பொலினீசியாவைச் சேர்ந்த மூரியா என்னும் தீவு. நம் சேப்பங்கிழங்கும் சேனைக்கிழங்கும் இதற்கு உறவு. மூன்றும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. வெப்பமும் ஈரமும் மிக்க காட்டில், பெருமரங்களின் நிழலில் ஏறிப் படரும் வழக்கமுடையது. நம் ஊரின் பழைய வீடுகளில் தென்னையின் மீது ஏறவிட்ட மணி பிளாண்டின் இலை ஒரு தாம்பாளத்தின் அளவுக்கு விரிந்திருப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். பாட்டிலில் உள்ளங்கை அளவே இருக்கும் இலையும் அதே செடியினுடையதுதான். பற்றி ஏற இடம் கிடைத்தால் இலை பெருக்கும். தொங்கவிட்டால் இலை சிறுக்கும்.

இலையிலுள்ள மஞ்சள், வெண் திட்டுகளில் பச்சையம் மிகக் குறைவு. உணவு தயாரிக்கும் பணியைப் பச்சைப் பகுதியே பெரிதும் செய்கிறது. வெளிச்சம் போதாத அறையில் வைத்தால் புதிதாக வரும் இலைகளில் மஞ்சள் குறைந்து பச்சை கூடிவிடும். "வாங்கும்போது இருந்த அழகு போய்விட்டதே" என்று பலர் வருந்துவதற்குக் காரணம் இதுவே. அது நோயன்று, செடி வெளிச்சம் கேட்கிறது என்பதற்கு அடையாளம்.

வெளிச்சம் வேண்டும் என்பதற்காக நேர் வெயிலில் வைத்துவிடவும் கூடாது. கிழக்கு நோக்கிய ஜன்னலின் காலை வெயில் இதற்கு உகந்தது. மேற்கு ஜன்னலாயின், அக்னி நட்சத்திர நாட்களின் பிற்பகல் வெயில் இலையைக் கருக்கிவிடும். முதலில் கருகுவது மஞ்சள், வெண் திட்டுகளே. அத்தகைய ஜன்னலிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி வையுங்கள், அல்லது மெல்லிய திரைச்சீலை இடுங்கள். ஏ.சி. காற்று நேரே வீசும் இடமும் ஆகாது. இலை நுனிகள் காய்ந்து பழுப்பாகும்.

நீரும் மண்ணும்

மண்ணில் வளரும் மணி பிளாண்ட் பெரும்பாலும் நீரின்றி வாடுவதில்லை. நீர் மிகுந்தே அழுகுகிறது. ஆள்காட்டி விரலை முதல் கணு வரை மண்ணில் நுழைத்துப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்று நீர் வேண்டாம். உலர்ந்திருந்தால் அடித்துளை வழியே வழியும் வரை ஊற்றுங்கள். கோடையில் வாரம் இருமுறை தேவைப்படும் செடிக்கு, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பத்து நாட்களுக்கு ஒருமுறையே போதுமானதாக இருக்கலாம். அடி இலைகள் பல ஒருசேரப் பழுத்து, தண்டின் அடிப்பகுதி மென்மையாகிக் கருத்தால், நீர் மிகுந்துவிட்டது என்று பொருள்.

ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருக்கும் குடியிருப்புகளில், மண்ணின் மேலும் தொட்டியின் விளிம்பிலும் வெள்ளைப் படிவு தோன்றும். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் நீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் உள்ளது. நல்லெண்ணத்தில் செய்வதுதான், ஆனால் அக்கழிவு நீரில் உப்பு இன்னும் செறிந்திருக்கும். அதைத் தரை துடைக்கப் பயன்படுத்திக்கொண்டு, செடிக்குக் குழாய் நீரையோ மழை நீரையோ ஊற்றுவது நல்லது.

செம்மண், மட்கிய உரம், தேங்காய் நார்க்கழிவு ஆகியவற்றைச் சம அளவில் கலந்த மண் போதும். அடியில் துளை இல்லாத அலங்காரத் தொட்டிகளைத் தவிர்த்துவிடுங்கள்.

புதுச்செடி வேண்டுமெனில் அண்டை வீட்டாரிடம் ஒரு துண்டு கேட்டு வாங்கலாம். திருடி வைத்தால்தான் மணி பிளாண்ட் செழிக்கும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். கேட்டு வாங்கியதும் அதே போல் தழைக்கும். கவனிக்க வேண்டியது கணு ஒன்றையே. தண்டில் இலை பிரியும் இடத்தில் பழுப்பு நிறத்தில் சிறு முளை தெரியும். அதுவே வேர் விடும் இடம். அக்கணுவுக்குச் சற்றுக் கீழே தூய கத்தரிக்கோலால் வெட்டி, கணு நீரில் மூழ்கும்படி வைத்தால் இரண்டு மூன்று வாரங்களில் வேர் இறங்கும். கணு இல்லாத இலைக்காம்பு எத்தனை நாள் நீரில் இருந்தாலும் செடியாகாது.

பாட்டில் நீரில் ஒளிந்திருக்கும் ஆபத்து

மண் வேண்டாம், பாட்டில் நீரே சுத்தம் என்று எண்ணுவோர் மிகப் பலர். இங்குதான் எங்கள் கவலை மிகுதி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு சாக்கடையைத் தேடிச் செல்வதில்லை. வீட்டிற்குள் தெளிந்து நிற்கும் நீரையே நாடும். பூச்சாடி, ஏர் கூலர், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, தொட்டிக்கு அடியிலுள்ள தட்டு ஆகியவற்றோடு மணி பிளாண்ட் பாட்டிலும் அதற்கு விருப்பமான இடம். மாநகராட்சிப் பணியாளர்கள் வீடு தேடி வரும்போது இவற்றை எட்டிப் பார்ப்பதற்குக் காரணம் அதுவே.

முட்டை கொசுவாக மாற நம் ஊர் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாட்கள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை நீரை மாற்றிவிட்டால் அச்சங்கிலி அறுந்துவிடும். ஆனால் நீரைக் கொட்டிவிட்டு மீண்டும் நிரப்பினால் மட்டும் போதாது. ஏடிஸ் கொசு தன் முட்டைகளை நீர் மட்டத்திற்குச் சற்று மேலே, பாட்டிலின் உட்சுவரில் ஒட்டி வைக்கும். அவை நீரின்றிப் பல மாதங்கள் தாக்குப்பிடித்து, மீண்டும் நீர் தொட்டதும் பொரியக்கூடியவை. எனவே பாட்டிலின் உட்புறத்தை நீண்ட தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். வேர்களையும் ஓடும் நீரில் அலச வேண்டும். தண்டைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பஞ்சாலோ மெல்லிய வலைத்துணியாலோ அடைத்துவிட்டால் கொசு உள்ளே செல்லாது. நீரில் மூழ்கும் இலைகளை அகற்றிவிடுங்கள். அவை அழுகி நாற்றம் தரும்.

இக்கொசு கடிப்பது பெரும்பாலும் பகலில். பகலிலும் படுத்திருக்கும் நோயாளிக்குப் பகலிலும் கொசுவலை தேவை என்பதை மறவாதீர்கள். வாரந்தோறும் பாட்டிலைக் கழுவ நேரமில்லாத வீட்டில், அச்செடியை மண்ணுக்கு மாற்றிவிடுவதே சரி.

வழுக்கலும் நாச்சுவையும்

தொங்கும் கொடி தரையைத் தொடும் வரை நீள்வது அழகுதான். ஆனால் வாக்கர் பிடித்து நடப்பவரின் காலில் அது சிக்கக்கூடும். கொடி தரைக்கு ஓரடி மேலே இருக்கும்போதே நறுக்கிவிடுங்கள். நறுக்க நறுக்கப் பக்கக் கிளைகள் வந்து செடி அடர்த்தியாகும். தொட்டியிலிருந்து கசியும் நீர் கழிவறைக்குச் செல்லும் வழியில் தேங்கக் கூடாது. உயரத்தில் தொங்கும் தொட்டிக்கு நீரூற்ற முதியவர்கள் முக்காலி மீது ஏறுவது அறவே கூடாது. எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிய ஒரு தடுமாற்றம் போதும்.

சேப்பங்கிழங்கு இலையும் சேனைக்கிழங்கும் சரியாக வேகாவிடில் நாக்கும் தொண்டையும் அரிப்பதை நாம் அறிவோம். கால்சியம் ஆக்சலேட் என்னும் ஊசி போன்ற நுண்படிகங்களே அவ்வரிப்புக்குக் காரணம். மணி பிளாண்டின் இலையிலும் தண்டிலும் அவை உண்டு. எனவே தவழும் குழந்தைகளுக்கும், மறதி நோயால் கையில் கிடைத்ததை வாயிலிடும் முதியவர்களுக்கும், வளர்ப்பு நாய் பூனைகளுக்கும் இது எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.

யாரேனும் இலையை மென்றுவிட்டால் வாயிலுள்ளதை அகற்றி, வாயை நீரால் துடைத்துக் கழுவுங்கள். விழுங்குவதில் சிரமம் இல்லையெனில் குளிர்ந்த பாலைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நாக்கு வீங்கினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் தோன்றினாலோ உடனே 108-ஐ அழைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும். சாறு கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடங்கள் தூய நீரால் கழுவிவிட்டு, கண் மருத்துவரைக் காண வேண்டும்.

காற்றைத் தூய்மையாக்குமா?

"இது காற்றைச் சுத்தம் செய்யுமாமே?" என்பது எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் வினா. 1989-இல் அமெரிக்காவின் நாசா வெளியிட்ட ஆய்வொன்றிலிருந்து பரவிய நம்பிக்கை அது. அந்த ஆய்வு அடைத்து மூடிய சிறு பெட்டிகளுக்குள் செடிகளை வைத்து நிகழ்த்தப்பட்டது. இத்தகைய ஆய்வுகளை எல்லாம் 2019-இல் மறு ஆய்வு செய்த டிரெக்சல் பல்கலைக்கழகத்தினர், உண்மையான கட்டடங்களில் சாதாரணக் காற்றோட்டத்திற்கு ஈடான பயன் கிடைக்க ஒரு சதுர மீட்டர் தரைக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டனர். ஜன்னலைத் திறந்து வைப்பதே மேல். ஆக்சிஜன் பரிந்துரைக்கப்பட்ட நோயாளிக்குச் செடி ஒருபோதும் மாற்றாகாது.

இரவில் செடி கரியமில வாயுவை வெளியிட்டு மூச்சுத் திணறச் செய்யும் என்ற அச்சத்திற்கும் அடிப்படை இல்லை. அதே அறையில் உறங்கும் ஒரு மனிதர் வெளியிடும் அளவுடன் ஒப்பிட்டால் ஒரு தொட்டிச் செடி வெளியிடுவது மிகச் சொற்பம்.

பிறகு எதற்காகச் செடி?

1984-ஆம் ஆண்டு ரோஜர் உல்ரிச் என்பவர் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியாவிலுள்ள மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். பாதிப் பேரின் ஜன்னல் மரங்களை நோக்கியது. மீதிப் பேரின் ஜன்னல் செங்கல் சுவரை நோக்கியது. மரங்களைக் கண்டவர்கள் சராசரியாக ஏறத்தாழ முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினர்; வீரியமிக்க வலி நிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வுதான், மரங்களைப் பற்றியதேயன்றித் தொட்டிச் செடியைப் பற்றியதன்று. எனினும், ஜன்னலுக்கு வெளியே சுவரை மட்டுமே காணும் நம் வீடுகளுக்கு அது ஏதோ சொல்கிறது.

1976-இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் ஆகிய இருவர் கனெக்டிகட்டிலுள்ள முதியோர் இல்லம் ஒன்றில் வேறொரு முயற்சி செய்தனர். ஒரு பிரிவினரிடம் செடியைத் தந்து, "இதைப் பேணுவது உங்கள் பொறுப்பு" என்றனர். தம் அன்றாட வாழ்வில் சிலவற்றைத் தாமே தீர்மானிக்கலாம் என்றும் கூறினர். மற்றொரு பிரிவினருக்கும் செடி தரப்பட்டது. ஆனால் செவிலியரே நீரூற்றுவர் எனப்பட்டது. சில வாரங்களில், பொறுப்பேற்றவர்கள் கூடுதல் சுறுசுறுப்புடனும் விழிப்புடனும் காணப்பட்டனர்.

மருந்து கொடுக்கவும், உணவூட்டவும், படுக்கையைச் சரிசெய்யவும் பிறர் இருக்கும்போது, படுத்திருப்பவர் நாள் முழுதும் பெற்றுக்கொள்பவராகவே ஆகிவிடுகிறார். அவரைச் சார்ந்து வாழும் ஓர் உயிர் அருகில் இருப்பது அந்நிலையைச் சற்றே மாற்றுகிறது. ஆகவே மருத்துவர் அனுமதித்தால் நோயாளிக்கு ஒரு சிறு வேலை கொடுங்கள். பக்கவாதத்திலிருந்து மீள்பவர் ஈரத்துணியால் இலைகளைத் துடைக்கலாம். கைக்கு அது பயிற்சியுமாகும். எழுந்து அமர முடியாதவர், இன்று நீர் வேண்டுமா வேண்டாமா என்று பார்த்துச் சொல்லலாம். புதிதாக விரிந்த இலைகளை எண்ணலாம். அவர் சொன்னபடியே செய்யுங்கள். ஓரிரு நாள் முன்பின்னாக நீரூற்றியதால் மணி பிளாண்ட் இறந்துவிடாது.

பராமரிப்பாளர்களாகிய உங்களுக்கும் ஒரு சொல். செடி வளர்ப்பது மேலும் ஒரு சுமையாகத் தோன்றினால், தயங்காமல் அதை அண்டை வீட்டில் விட்டுவையுங்கள். அதில் குற்றவுணர்வு கொள்ள ஏதுமில்லை. வைத்துக்கொள்வதாயின், வாரத்தில் ஒரு நாளை, ஞாயிற்றுக்கிழமை காலை என்று, அதற்கென ஒதுக்குங்கள். பாட்டிலைத் தேய்த்துக் கழுவி நீர் மாற்றுதல், அடித்தட்டைக் கவிழ்த்தல், பழுத்த இலையைக் கிள்ளுதல், நீண்ட கொடியை நறுக்குதல், இறுதியாகக் கை கழுவுதல்: எல்லாம் சேர்ந்து பதினைந்து நிமிடங்கள். அந்தப் பதினைந்து நிமிடங்களில் உங்களிடம் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. அதுவும் ஓர் ஓய்வே.

அடுத்த முறை மறுபரிசோதனைக்கு வரும்போது, செடி எங்கே இருக்கிறது, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதையும் மருத்துவரிடமோ செவிலியரிடமோ சொல்லுங்கள். எடுத்துவிட வேண்டியதா, வைத்துக்கொள்ளலாமா என்று சேர்ந்தே முடிவு செய்வோம்.